ஃபினாலே லிகுரே: கடலுக்கு இறங்கும் மலைப் பாதைகளை யார் காப்பது?

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில், ஜெனோவாவுக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஃபினாலே லிகுரே. லிகூரியா மாநிலத்தின் சவோனா மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். மக்கள்தொகை 11 ஆயிரத்தை ஒட்டித்தான். ஆனால் மலைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் ஐரோப்பாவில் எங்கே போகலாம் என்று கேட்டால், முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இந்தப் பெயர் வந்துவிடும். ஆல்ப்ஸ் மலையின் பெரிய ஊர்களுக்கு இருக்கும் கேபிள் கார் வசதி இங்கே இல்லை. மூவாயிரம் மீட்டர் சிகரமும் இல்லை. பின்னால் நிற்கும் மலைகள் ஆயிரம் மீட்டரைத் தொட்டு, அதற்கு மேல் கொஞ்சம் ஏறி, நின்றுவிடுகின்றன.

அப்படியிருந்தும் இந்த ஊர் எப்படி வென்றது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. பந்தயங்கள் நடந்ததால் புகழ் வந்தது என்று பலரும் சொல்வார்கள். பந்தயம் விளம்பரம் தந்தது உண்மைதான். ஆனால் இந்த ஊரைத் தாங்கி நிற்பது வேறு இரண்டு விஷயங்கள் என்று நான் கருதுகிறேன். ஒன்று, முன்னோர்கள் வேறு காரணத்துக்காகப் போட்டு வைத்த பாதைகள். இன்னொன்று, அந்தப் பாதைகளைப் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குக் கிடைத்த ஓரளவு நியாயமான பதில். முதலாவது சும்மா கிடைத்தது. இரண்டாவதைப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. இன்றும் போராட்டம் ஓயவில்லை.

ஊரும் நிலமும்

இன்று ஒரே பெயரில் இருக்கும் ஊர் 1927இல் மூன்று ஊர்களைச் சேர்த்து உருவானது. கடற்கரையில் ஃபினால்மரீனா, அதற்குக் கிழக்கே ஃபினால்பியா, உள்ளே மதில் சூழ்ந்த ஃபினால்போர்கோ. சைக்கிள்காரர்களின் ஊர் இந்த மூன்றாவதுதான். கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் குறுகிய தெருக்கள், சதுக்கங்கள், மேலே பாறை மேட்டில் கவோனே கோட்டையின் சிதைவு. அந்தக் கோட்டையில் ஒரு கோபுரம் மட்டும் முழுமையாக நிற்கிறது. வைரம்போலக் கூர்முனையாகச் செதுக்கிய கற்களால் வெளிப்புறம் முழுவதும் மூடப்பட்டது.

நிலத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. கடலோரப் பகுதி சுண்ணாம்புக் கல். ஃபினாலே கல் என்றே அதற்குப் பெயர். இளஞ்சிவப்பும் காவியும் கலந்த நிறம், உடைந்த சிப்பிகளும் பவளங்களும் உள்ளே தெரியும். நூற்றாண்டுகளாக வெட்டி எடுத்துக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். நுண்துளைகள் நிறைந்த கல் என்பதால் மழைநீரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. மேலே சேறு தங்காது. காலையில் மழை ஓய்ந்தால் மாலையில் சைக்கிள் ஓட்டலாம் என்ற நிலை இதனால்தான். உள்ளே போகப்போகப் பாறை மாறுகிறது. சுண்ணாம்பு மறைந்து, மிகப் பழைய உருமாற்றப் பாறையும் அதன் மேல் காட்டு மண்ணும் வருகின்றன. அங்கே ஈரம் நாள்கணக்கில் நிற்கும்.

இந்தச் சுண்ணாம்புப் பாறைகள் முதலில் ஈர்த்தது சைக்கிள்காரர்களை அல்ல. 1968ஐ ஒட்டிப் பாறை ஏறுபவர்கள் மோன்டே குக்கோ போன்ற செங்குத்துப் பாறைகளுக்கு வரத் தொடங்கினார்கள். அழுக்குக் காலணியும் கயிற்று மூட்டையுமாக வந்து, மலிவாகத் தங்கி, காபிக்கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த இளைஞர்களை இந்த ஊர் விருந்தாளிகளாக ஏற்கப் பழகியது அப்போதுதான். பின்னால் சேற்று டயர்களோடு வந்தவர்களுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. இந்தப் பழக்கத்துக்குக் கணக்கேட்டில் இடமில்லை என்றாலும் இதன் மதிப்பு மிகப் பெரியது என்பேன்.

பாதைகள் வந்த வழி

வால் பொன்ச்சி என்ற பள்ளத்தாக்கில் ரோமானியர் கட்டிய பாலங்கள் ஐந்து உண்டு. கிமு 13இல் அகஸ்டஸ் காலத்தில் போடத் தொடங்கிய ஜூலியா அகஸ்டா நெடுஞ்சாலை இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் போனது. பாலங்களில் சில இடிந்துவிட்டன. தேவதைகளின் பாலம் என்று உள்ளூரில் அழைக்கப்படும் ஒன்று இன்றும் அப்படியே நிற்கிறது. அதன் மேல் நடந்தும் போகலாம், சைக்கிளிலும் போகலாம். சாலை அமைத்த பொறியாளர்கள் வண்டிக்கும் படைக்கும் ஏற்ற சாய்வைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சாய்வு சைக்கிளுக்கும் பொருந்துகிறது.

அடுத்த அடுக்கு ஸ்பானிய ஆட்சிக் காலத்தது. தெல் கர்ரெத்தோ குடும்பத்தின் குறுநில ஆட்சிக்குப் பிறகு 1602இல் ஃபினாலே ஸ்பெயின் கைக்குப் போனது. மிலானும் அப்போது ஸ்பெயினிடம்தான் இருந்தது. கடலில் இருந்து மிலானுக்குப் போக, ஜெனோவாவைத் தொடாத ஒரு வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1666இல் ஸ்பெயின் இளவரசி மார்கரீத்தா தெரேசா பேரரசர் லியோபோல்டை மணக்க வியன்னாவுக்குப் போகும் வழியில் ஃபினாலேவில் கரையிறங்கினார். அவருடைய ஊர்வலத்துக்காகப் பெரெத்தா என்ற ராணுவப் பொறியாளர் மலையைக் கடந்து ஒரு பாதையைச் சீரமைத்தார். பெரெத்தா சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இளவரசிக்காக எழுப்பிய வரவேற்பு வளைவு ஃபினால்மரீனாவின் கடலோரச் சதுக்கத்தில் நிற்கிறது.

ஆனால் அரசர்களின் சாலைகளைவிட அதிகம் பயன்படுவது ஏழைகளின் ஒற்றையடிப் பாதைகள்தான். மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டி ஆலிவும் திராட்சையும் வளர்த்தவர்கள், கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்றவர்கள், காட்டுக்குள் கரிமூட்டம் போட்டவர்கள், செஸ்ட்நட் பொறுக்கியவர்கள் எல்லாரும் தங்கள் காலால் போட்டவை அவை. மேல் மலைக்காடுகளில் ஓடும்போது, சரிவின் நடுவே திடீரென்று வட்டமான ஒரு சமதளம் வரும், மண் கருத்திருக்கும். பழைய கரிமூட்டம் இருந்த இடம் அது. பாதை அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போவதற்குக் காரணம், அது அந்த மூட்டத்துக்காகவே பிறந்த பாதை என்பதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் மலையை விட்டுக் கடற்கரைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறங்கினார்கள். அடுக்கு வயல்கள் தரிசாயின. பாதைகளைப் புதர் மூடியது. சைக்கிள்காரர்கள் 1990களில் இவற்றைத் தேடித் திறந்தபோது, பெரும்பாலும் புதிதாக வெட்ட வேண்டியிருக்கவில்லை. மூடியதை விலக்கினாலே போதுமாக இருந்தது. சில இடங்களில் புதிதாகவும் வெட்டினார்கள், யாரிடமும் கேட்காமல். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

மேலிருந்து ஒரு இறக்கம்

இந்த நிலத்தின் சிறப்பைச் சொல்ல ஒரு முழு இறக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது. சைக்கிள்காரர்கள் நேட்டோ தளம் என்று அழைக்கும் இடத்தில் தொடங்கலாம். பியான் தெய் கோர்சி என்பது அதன் பெயர். ஆயிரம் மீட்டர் உயரம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் பெரிய பரவளைய ஆண்டெனாக்களுடன் தகவல்தொடர்பு நிலையம் நடத்திய மேடு. பிறகு கைவிடப்பட்டது. இன்று அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. லிகூரிய மலைமுகட்டின் நெடுகே வென்டிமீலியாவில் இருந்து கிழக்குக் கோடிவரை 440 கிலோமீட்டர் ஓடும் அல்தா வியா என்ற நடைப்பாதை இந்த மேட்டைத் தொட்டுச் செல்கிறது. அருகிலேயே மெலோஞ்ஞோ கணவாய். அங்கே 19ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் நடுவே தார்ச்சாலை புகுந்து வெளியே வருகிறது.

தெளிந்த குளிர்கால நாளில் இங்கிருந்து ஒரு பக்கம் பனி மூடிய ஆல்ப்ஸ், மறுபக்கம் கடல். கடல் நேர்கோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான்.

முதல் பகுதி பீச் (beech) மரக் காடு. உயரமான வழவழப்பான மரங்கள், கீழே அடர்ந்த சருகு. டயர் சருகுக்குள் பாதி புதைந்து ஓடுவதால் சத்தம் அடங்கிவிடும். கீழே இருக்கும் வேரும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது, கையில்தான் தெரியும். எடையைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கை விரல் நுனியால் மட்டும் தொட்டு இறங்க வேண்டிய இடம். இருநூறு முந்நூறு மீட்டர் இறங்கியதும் செஸ்ட்நட் தோப்புகள். முள்ளோட்டுக் காய்கள் பாதை முழுவதும் சிதறிக் கிடக்கும். அதற்கும் கீழே மரங்கள் குட்டையாகி, ஓக்கும் எரிக்கா புதரும் ரோஸ்மேரியும் தைமும் கலந்த மத்தியதரைக் கடல் புதர்க்காடு தொடங்கும். கைப்பிடி உரசும்போதெல்லாம் வாசம் எழும். மண் சிவந்து, கற்கள் கூர்மையாகும். இந்த இடத்தில்தான் பஞ்சர்கள் அதிகம்.

கடைசிப் பகுதியில் சுண்ணாம்பு. வெள்ளையும் காவியுமாகப் பலகை பலகையாகக் கிடக்கும் பாறைமேல் ஓட்டும்போது டயர் ஒட்டிக்கொண்டதுபோல் பிடிக்கும். அதே பாறை, ஆண்டுக்கணக்கில் காலும் டயரும் பட்டுத் தேய்ந்து மெருகேறிய இடத்தில், ஈரமானால் கண்ணாடி. புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல்தான். அடுக்கு வயல்களின் கற்சுவர்களுக்கு இடையே படிகள் வரும். கழுதையின் நடைக்கு அளவெடுத்துப் போட்டவை, நீளமும் தாழ்வுமான படிகள். சக்கரம் ஒவ்வொன்றாக இறங்கும் தாளம் பிடிபட்டுவிட்டால் இறங்குவது சுகம். அது முடியும்போது ஊரின் முதல் வீடுகள் வந்துவிடும்.

கிழக்கே லே மானியே பீடபூமி இன்னொரு உலகம். முந்நூறு மீட்டரை ஒட்டிய உயரம், ஓக் காடும் புல்வெளியும், அங்கிருந்து வரிகோத்தி, நோலி ஆகிய கடலோர ஊர்களை நோக்கிச் சரியும் குட்டையான, செங்குத்தான பாதைகள். நோலி இன்று சிறு மீன்பிடி ஊர்; 1192 முதல் 1797 வரை தனிக் குடியரசாகவே இருந்தது. பாதைகளுக்கு ஓட்டுபவர்கள் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை: ரோலர் கோஸ்டர், டோபோகா டி கனோவா, இசாலோ எக்ஸ்டசி, கிரெஸ்தினோ. நோலி முனைக்கு மேலே சில பாதைகள் பாறை விளிம்பை ஒட்டியே போகின்றன. அங்கே கடலைப் பார்க்க வேண்டுமானால் இறங்கி நின்று பார்ப்பதே அறிவு.

மாறிப்போன நாள்காட்டி

லிகூரியக் கடற்கரை ஊர்களின் பழைய நோய் ஒன்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை கூட்டம் பிதுங்கும். மற்ற மாதங்களில் ஹோட்டல் கதவுகள் சாத்தியிருக்கும். வேலை ஆண்டுக்கு நான்கு மாதம்தான். ஃபினாலேவுக்கு இன்னொரு தூண் இருந்தது. 1906 முதல் இங்கே இயங்கிய பியாஜ்ஜோ தொழிற்சாலை முதலில் ரயில் பெட்டிகளையும் பிறகு விமானங்களையும் தயாரித்தது. அந்தத் தொழில் 2014இல் வில்லனோவா தல்பெங்காவுக்கு இடம் மாறியது. கடற்கரையின் நடுவில் பெரிய நிலப்பரப்பு வெறுமையானது.

சைக்கிள் சரியாக இந்த இடைவெளியில் பொருந்தியது. வடக்கே இருந்து வரும் குளிர்காற்றை மலைகள் தடுக்கின்றன. கடல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜனவரியிலும் பகலில் வெப்பநிலை பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆல்ப்ஸ் பாதைகள் அக்டோபரில் பனிக்குள் போய் மே கடைசியில்தான் வெளியே வருகின்றன. அந்த ஏழெட்டு மாதமும் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இருப்பவர்கள் ஓட்ட இடம் தேடுகிறார்கள். டூரினும் மிலானும் சில மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில். கடற்கரைக்காரர்கள் போன பிறகு சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். இருவரும் ஒரே அறையை ஆண்டின் இரு பாதிகளில் பயன்படுத்துகிறார்கள். ஒரே முதலீட்டுக்கு இரண்டு போகம்.

ஆகஸ்டில் சைக்கிளோடு போவது வீண். வெயில் கொளுத்தும், அறை வாடகை உச்சத்தில் இருக்கும், தண்ணீர் கிடைக்கும் இடங்களும் குறைவு.

இதற்குச் சேவை செய்யும் தொழில்கள் தாமாக முளைத்தன. ட்ரெய்லரில் சைக்கிள்களை அடுக்கி, ஆட்களை வேனில் ஏற்றி மலையுச்சியில் இறக்கிவிடும் நிறுவனங்கள், சைக்கிளைக் கழுவவும் பூட்டி வைக்கவும் இடம் தரும் விடுதிகள், வாடகைக் கடைகள், வழிகாட்டிகள். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: கேபிள் கார் இல்லாதது இங்கே நன்மையாகிவிட்டது. கேபிள் கார் போட்டால் எல்லாரும் ஒரே உச்சிக்குத்தான் போவார்கள், வருமானம் ஒரே நிறுவனத்துக்குப் போகும். வேன் எந்தக் கணவாய்க்கும் போகும். ஒரு வேன் வாங்க முடிந்தவர் தொழில் தொடங்கலாம். சிறு கைகளுக்குப் பணம் பரவியதற்கு இது ஒரு காரணம்.

பந்தயங்கள்

லே மானியே பீடபூமியில் 1999 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. அணியாகவும் தனி ஆளாகவும் இரவு முழுவதும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். தலைவிளக்குகள் கடலுக்கு மேலே பாறை விளிம்பில் ஊர்ந்து போகும். 24 மணி நேரத் தனிநபர் உலகப் போட்டி 2012லும் 2017லும் இங்கே நடந்தது.

ஊரின் பெயர் உலகம் முழுவதும் தெரிந்தது எண்டியூரோ மூலம். இந்தப் போட்டி முறையில் மலை ஏறுவதற்கு நேரக் கணக்கு இல்லை. குறித்த நேரத்துக்குள் மேலே சேர்ந்தால் போதும். இறக்கங்களில் மட்டும் கடிகாரம் ஓடும். பல இறக்கங்களின் நேரத்தைக் கூட்டி, குறைந்தவர் வெல்வார். யோசித்துப் பார்த்தால், இது ஃபினாலேவின் நிலத்தைப் பார்த்து வகுத்த விதிபோலவே இருக்கிறது: ஒரே நீண்ட இறக்கத்தை மட்டும் நம்பி இல்லாத, ஏறி இறங்க ஐம்பது வழிகள் உள்ள நிலம். எண்டியூரோ உலகத் தொடர் 2013இல் ஏழு சுற்றுகளுடன் தொடங்கியது. முதல் சுற்று டஸ்கனி கடற்கரையில் உள்ள புன்டா ஆலாவில். கடைசிச் சுற்று அக்டோபரில் ஃபினாலேவில். பிரான்சின் ஜெரோம் கிளெமென்ஸும் பிரிட்டனின் டிரேசி மோஸ்லியும் முதல் ஆண்டின் ஒட்டுமொத்தச் சாம்பியன்கள். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான என்ரிகோ குவாலா இத்தாலிய எண்டியூரோ போட்டிகளை நடத்தி அனுபவம் பெற்றவர். அதன் பிறகு பல ஆண்டுகள் தொடரின் இறுதிச் சுற்று இங்கேயே நடந்தது.

அக்டோபர் என்ற மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம். கடற்கரைப் பருவம் முடிந்து சைக்கிள் பருவம் தொடங்கும் அந்த வாரத்தில் உலகத்தின் கண் இந்த ஊர்மேல் விழுந்தது. இன்னும் குளிக்கக்கூடிய கடல், பின்னால் பாறை, பந்தய வீரர்கள் மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நீரில் குதிக்கும் படங்கள். குளிர்காலத்துக்கு அறை பதிவு செய்ய வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

பந்தயங்கள் பாதைகளைச் சிதைக்கவும் செய்தன. முந்நூறு நானூறு பேர் ஒரே வாரத்தில் ஒரே வளைவில் பிரேக் பிடித்தால் அந்த வளைவு என்ன ஆகும்? அங்கிருந்துதான் இந்த ஆய்வின் மையத்துக்கு வருகிறோம்.

நீர், மண், சுவர்

மலைப் பாதையின் பெரிய எதிரி தண்ணீர்தான். சக்கரம் அதற்கு வழி வெட்டிக் கொடுக்கிறது. வளைவுக்கு முன் எல்லாரும் பிரேக் பிடிக்கும் இடத்தில் மண் அலை அலையாக எழும்பும். அலைகளின் நடுவே சிறு பள்ளம் உண்டாகும். மழை வந்ததும் நீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே ஓடும். அடுத்த மழையில் அது ஒரு சாண் ஆழம். அதற்கடுத்த மழையில் கல்லெல்லாம் வெளியே வந்துவிடும். ஓட்டுபவர்கள் பள்ளத்தைத் தவிர்த்து ஓரமாகப் போவார்கள். ஓரம் புதிய பாதையாகும். பாதை அகன்று காயமாகிவிடும். லிகூரியாவில் இலையுதிர் கால மழை சாதாரண மழை இல்லை. கடல் ஈரம் மலையில் மோதி ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். 2011 அக்டோபரில் கிழக்கே சின்க்வே தெர்ரே ஊர்களையும், நவம்பரில் ஜெனோவாவையும் வெள்ளம் சூறையாடியது நினைவிருக்கலாம்.

பாதை அமைப்பவர்களுக்கு இதற்கான கைவைத்தியம் தெரியும். பாதையைச் சரிவின் பள்ளத்துப் பக்கம் சற்றே சாய்த்து வெட்டினால் நீர் குறுக்கே வழிந்து போய்விடும். இறக்கத்தின் நடுவே சில அடிகள் ஏற்றம் வைத்தால், ஓடி வரும் நீர் அங்கே நின்று வெளியேறும். பாதையின் சாய்வு, அது குறுக்கே செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் உலகம் முழுவதும் சொல்லப்படும் விதி. பழைய கழுதைப் பாதைகள் பல இதை மீறுபவை. ஆனால் அவற்றில் கல் பாவியிருப்பதால் தாங்குகின்றன. புதிதாக மண்ணில் நேராகக் கீழே வெட்டிய பாதைகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

இன்னொரு சிக்கல், சுவர்கள். அடுக்கு வயல்களைத் தாங்குபவை சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள். சாந்து இல்லாததே அவற்றின் பலம். பின்னால் தேங்கும் நீர் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறும், சுவர் வயிறு தள்ளாது. இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ எட்டு ஐரோப்பிய நாடுகளின் பொது மரபாகப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி அவற்றில் ஒன்று. சுவரின் தலைக்கல் ஒன்றைச் சக்கரம் தட்டிவிட்டால், அடுத்த கல் தளரும். இரண்டு குளிர்காலத்தில் ஒரு கஜம் சுவர் சரிந்து, மேல் வயலின் மண் கீழே வந்துவிடும். சுவரின் மேலிருந்து குதித்து இறங்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதைக் கட்டியவரின் பேரன் ஜெனோவாவில் இருக்கலாம். ஆனால் சுவர் இன்னும் அவருடையதுதான்.

யார் நிலம், யார் பொறுப்பு

இங்கே காடு பெரும்பாலும் தனியார் நிலம். வாரிசுகள் பங்கு பிரித்துப் பிரித்து, சில பங்குகள் ஒரு வீட்டுத் தோட்டம் அளவுக்குச் சுருங்கிவிட்டன. உரிமையாளர் வெளியூரில் இருப்பார். தன் நிலத்தில் உலகப் புகழ்பெற்ற பாதை ஓடுவதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இத்தாலிய உரிமையியல் சட்டத்தின் 2051ஆம் பிரிவு, ஒருவரின் பொறுப்பில் உள்ள பொருளால் விளையும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்கிறது. தற்செயல் நிகழ்வு என்று நிரூபித்தால்தான் தப்பலாம். யாரோ ஒருவர் சைக்கிளில் விழுந்து எலும்பு முறித்துக்கொண்டால் நிலத்துக்காரர்மேல் வழக்கு வருமோ என்ற அச்சம் நியாயமானது. 1990களில் கேட்காமல் பாதை வெட்டியவர்கள் விட்டுச்சென்ற கடன் இதுதான். லிகூரியா மாநிலம் 2009இல் நடைப்பாதை வலையமைப்புக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, பாதைகளைப் பதிவு செய்யவும் பராமரிப்பவரைக் குறிக்கவும் வழி செய்தது. பதிவில் உள்ள பாதைக்கும் காட்டுக்குள் யாரோ வெட்டிய பாதைக்கும் வேறுபாடு தெரியத் தொடங்கியது அப்போதுதான்.

செலவு? நகராட்சிகளின் கை சிறியது. மேலும் சைக்கிள்காரர்கள் கடலோர ஊரில் தங்குகிறார்கள், காபி குடிக்கிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். பாதை ஓடுவதோ ரியால்தோ, காலிசே லிகுரே, ஓர்கோ ஃபெலீனோ போன்ற உள்மலை ஊர்களின் எல்லையில். வருமானம் ஒரு ஊருக்கு, தேய்மானம் இன்னொரு ஊருக்கு. ஃபினாலே அவுட்டோர் ரீஜன் என்ற கூட்டமைப்பின் முக்கியத்துவம் இங்கேதான். விடுதிகள், கடைகள், வேன் நடத்துபவர்கள், பாதை பராமரிக்கும் சங்கங்கள் ஆகியோரை ஒரே குடையின்கீழ் சேர்த்து, பாதையால் சம்பாதிப்பவர்கள் பாதைக்குச் செலவிட வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்ட முயன்றது அது. மண்வெட்டியோடு மலைக்குப் போகும் ஆட்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதே பெரிய மாற்றம். வேறு பல ஊர்களில் இந்த வேலை இன்றும் ஓட்டுபவர்களின் ஞாயிற்றுக்கிழமை உழைப்பை நம்பி நடக்கிறது; ஆர்வம் தீர்ந்ததும் பாதையும் தீர்ந்துவிடுகிறது.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. இந்தக் கூட்டமைப்புக்குள் வராமல் வேன் ஓட்டும் வெளியூர்க்காரரும், காரில் வந்து ஓட்டிவிட்டு இரவே திரும்பிவிடுபவரும் எதுவும் தருவதில்லை. அவர்களைக் காட்டின் வாசலில் நிறுத்திக் கட்டணம் கேட்க வழியில்லை. கேட்கவும் கூடாது, நடப்பவர்களுக்கும் அந்தக் காடு சொந்தம். ஆகவே பொறுப்பெல்லாம் உள்ளூர்த் தொழில்காரர்களின் மனச்சாட்சியின் மேல் நிற்கிறது. மனச்சாட்சி நல்ல அடித்தளம்தான், ஆனால் வியாபாரம் மந்தமான ஆண்டில் அது எவ்வளவு தாங்கும் என்பது கவலைக்குரியது.

வேட்டைக்காரர்களும் காட்டுப்பன்றிகளும்

சைக்கிள் பருவமும் காட்டுப்பன்றி வேட்டைப் பருவமும் ஒரே மாதங்களில் வருகின்றன. வயல்கள் தரிசானதில் பன்றிகள் பெருகிவிட்டன. கற்சுவர்களைக் கிளறி இடிப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. இத்தாலியச் சட்டம் வேட்டைக்காரர்களுக்கு வியப்பூட்டும் ஓர் உரிமையைத் தந்திருக்கிறது: வேலி போடாத தனியார் நிலத்துக்குள் வேட்டைக்காக நுழைவதை உரிமையாளர் தடுக்க முடியாது. உரிமையியல் சட்டத்தின் 842ஆம் பிரிவு அது. சைக்கிள்காரருக்கு அப்படி எழுதிவைத்த உரிமை ஏதும் இல்லை. எனவே பாதையில் இருவரும் எதிர்ப்பட்டால் சட்டப்படி வலுவான கை யாருடையது என்பதில் ஐயமில்லை. நாடு முழுவதும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களும் வேட்டை கிடையாது. குளிர்காலத்தில் இங்கே போகிறவர்கள் மேல்மலைக் காடுகளுக்கு அந்த நாள்களை ஒதுக்கிக்கொள்வது நல்லது. மற்ற நாள்களில் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துவதும், வேட்டை நடக்கிறது என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுவதும்.

பன்றிகளால் இன்னொரு பேரிடி வரக்கூடும் என்பதை 2022 ஜனவரி காட்டியது. பீட்மாண்ட், லிகூரியா எல்லைக் காடுகளில் இறந்து கிடந்த காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு ஆபத்தில்லாத நோய், ஆனால் பண்ணைப் பன்றிகளை அழித்துவிடும். காலணியிலும் டயரிலும் ஒட்டும் மண்ணோடு கிருமி பயணிக்கும் என்பதால், 114 உள்ளாட்சிப் பகுதிகளில் வேட்டை, காளான் பொறுக்குதல், மலைநடை, மலைச் சைக்கிள் எல்லாவற்றையும் அரசு ஆறு மாதங்களுக்குத் தடை செய்து ஆணையிட்டது. மையப்பகுதி ஃபினாலேவுக்கு வடகிழக்கே இருந்தது. அந்தத் தடைக்கோடு கொஞ்சம் தென்மேற்கே நகர்ந்திருந்தால் குளிர்காலம் முழுவதும் வேன்கள் நிறுத்தத்தில் நின்றிருக்கும். ஒரே வகைப் பயணியை நம்பி இருப்பதன் ஆபத்து இது. பாறை ஏறுபவர்களும் கடற்கரைக்காரர்களும் உடன் இருப்பது ஃபினாலேவுக்குக் காப்பு. உள்மலை ஊர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

வேனும் மின்சார சைக்கிளும்

வேன் இந்த ஊரை வளர்த்தது என்று மேலே சொன்னேன். அதே வேன்தான் இன்று பாதைகளின் சுமையைக் கூட்டுகிறது. ஒரு நாளில் காலால் ஏறி ஒருவர் இரண்டு இறக்கம் இறங்குவார். வேனில் ஏறினால் ஐந்தாறு. நான்கைந்து உச்சிகளில் மட்டும் கூட்டம் குவிகிறது, அவற்றின் கீழே உள்ள பாதைகள் மட்டும் தேய்கின்றன. பக்கத்துப் பள்ளத்தாக்கின் அருமையான பாதைகள் புதர் மண்டிக் கிடக்கின்றன. மலை ஊர்களின் குறுகிய சாலைகளில் ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு டீசல் வேன்கள் நாள் முழுவதும் ஏறி இறங்குவதை அங்கே வசிப்பவர்கள் எவ்வளவு காலம் பொறுப்பார்கள்?

மின்சார சைக்கிள் இதை மாற்றத் தொடங்கியிருக்கிறது. மோட்டார் துணையோடு ஆயிரம் மீட்டர் ஏறுவது நடுத்தர வயதுக்காரருக்கும் முடிகிறது. கூட்டம் பரவுகிறது, வேன் குறைகிறது. ஆனால் ஏறும் சக்கரம் மண்ணைக் கிளறும். இறங்குபவரும் ஏறுபவரும் குறுகிய பாதையில் எதிர்எதிரே வருவார்கள். ஏறுவதற்குத் தனிப் பாதைகளைக் குறித்து, அவற்றின் சாய்வைச் சீர்ப்படுத்தினால்தான் இது ஒழுங்குக்கு வரும். அதற்கு ஏற்ற பழைய வழிகள் இருக்கின்றன: பெரெத்தாவின் சாலையும் வால் பொன்ச்சியின் ரோமானிய வழியும் சுமையோடு ஏறுவதற்கென்றே போட்டவை.

உள்மலை ஊர்களுக்கு நேரடியாகப் பங்கு கிடைக்கும் வழியும் இதில் இருக்கிறது என்று நம்புகிறேன். வேனில் போகிறவர் ரியால்தோவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார். மிதித்து ஏறுகிறவர் அங்கே நிற்பார்: தண்ணீருக்கு, ஒரு ரொட்டித் துண்டுக்கு, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற. அவர் செலவிடும் சில யூரோ, பாதை ஓடும் எல்லையிலேயே தங்கும். அடுத்த கட்டமாக ஃபினாலே கூட்டமைப்பும் மலை நகராட்சிகளும் செய்ய வேண்டியது, புதிய இறக்கங்களை வெட்டுவதை நிறுத்திவைத்து, இரண்டு மூன்று ஏறுபாதைகளைப் பதிவேட்டில் சேர்த்து, அவற்றின் சுவர்களைச் சாந்தில்லாமல் கல்லடுக்கத் தெரிந்த கைகளைக் கொண்டு திரும்பக் கட்டுவது. அந்தக் கைகள் மலை ஊர்களில் இன்னும் சில இருக்கின்றன, பெரும்பாலும் வயதானவை. அவர்களோடு இளையவர்களையும் வேலைக்கு அமர்த்துவதற்கு அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.